பர்சிலா உட்கார மறுத்த பந்தி

(சிங்கப்பூர்த் தமிழ்ச் சபை ஒன்றின் மூத்தோர் ஐக்கியத்தில் ஞாயிறு மாலை பேசியது)

கர்த்தருக்குள் பிரியமான அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஸ்தோத்திரம்.

போன மாதம் இதே மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அண்ணன் கேட்டார்: "இந்த வயசுல நமக்கு என்னப்பா சோதனை வரப்போகுது? முட்டி வலிதான் சோதனை." எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போகிற எம்ஆர்டி ரயிலில் எனக்கு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. வேதத்தில் வருகிற பெரிய வீழ்ச்சிகளில் ஒன்று வயதான பிறகுதானே நடந்தது!

தாவீதின் மகன் சாலொமோன் ராஜாவைச் சொல்கிறேன். 1 இராஜாக்கள் 11ஆம் அதிகாரத்தில், அவன் வயதுசென்றபோது அவன் இருதயம் அந்நிய தேவர்கள் பக்கம் சாய்ந்தது என்று இருக்கிறது. 'சாய்ந்தது' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊரில் பழைய மண்சுவர் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். தினம் அந்த வழியாகப் போகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. பத்து வருடம் கழித்து வருகிறவன்தான், "என்ன இப்படிச் சாய்ஞ்சு கிடக்கு?" என்று கேட்பான்.

ராஜாவாக வருகிறவன் குதிரை, மனைவிகள், வெள்ளி, பொன் எதையும் தனக்கென்று மிகுதியாகச் சேர்க்கக் கூடாது என்று உபாகமம் 17இல் எழுதியிருக்கிறது. சாலொமோன் ஒன்றையும் விடவில்லை. குதிரைவீரர் 12,000 பேர். மனைவியர் 700, மறுமனையாட்டிகள் 300. ஒரு வருடத்தில் வந்த பொன் 666 தாலந்து. கர்த்தர் இரண்டு முறை தரிசனம் கொடுத்த மனிதன் இவன். 7 வருடம் பாடுபட்டு ஆலயத்தைக் கட்டியவன். அதே கையால் எருசலேமுக்கு எதிரே இருந்த மலையில் மோவாபியரின் தெய்வமான காமோசுக்கு மேடை கட்டினான். யோசியா ராஜா வந்து அந்த மேடையை அழிப்பதற்குள் ஏறக்குறைய 300 வருடம் ஓடிவிட்டது. முதுமையில் ஒருவன் செய்ததைப் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் பார்த்துப் பார்த்து வளர்ந்தார்கள்.

இதை நான் உங்களுக்குப் பாடம் நடத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கே நடந்தது.

என் மனைவி இருந்தவரை காணிக்கைப் பணத்தைச் சனிக்கிழமை இரவே எடுத்து வைத்துவிடுவார். இரண்டு 10 வெள்ளி (டாலர்) தாள். நம் தாள் பிளாஸ்டிக் அல்லவா, மடித்தால் மடிப்பு லேசில் போகாது. உள்ளங்கையால் நீவி நீவி, பைபிளுக்கு அடியில் வைப்பார். காலையில் தட்டையாக இருக்கும். "கர்த்தருக்குக் கசங்கினதைக் கொடுக்கலாமா?" என்பார்.

அவர் போன பிறகு, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுக்க ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது அவர் இறந்த தேதி. எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்தேன். அப்புறம் புதன், சனி, ஞாயிறு என்று குலுக்கல் நடக்கிற மூன்று நாளும் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தது. சட்டைப் பையில் கைவிட்டேன். கசங்கிய 2 வெள்ளித் தாள் ஒன்று வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு அன்று சாயங்காலக் குலுக்கலுக்கான 20 வெள்ளிச் சீட்டும் வந்தது. பையை நீட்டிய தம்பி பார்த்தானோ என்னவோ தெரியாது. நான் பார்த்துவிட்டேன். அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.

கசினோ வாசலில் சிங்கப்பூரர்களிடம் ஒரு நாளுக்கு 150 வெள்ளி வாங்குகிறார்கள். உள்ளே போகிறவனுக்கு அந்த இடத்தில் யோசிக்க ஒரு நிமிடமாவது கிடைக்கும். நான் சாய்ந்த வழியில் யாரும் என்னை நிறுத்திக் கேட்கவில்லை.

எனக்கு நாலு நம்பர். இன்னொருவருக்குச் சேம நிதிப் பணத்தைக் காட்டியே பிள்ளைகளை ஆட்டிவைப்பது. இன்னொருவருக்குச் சபையில் முப்பது வருடமாகப் பிடித்து வைத்திருக்கிற பொறுப்பு. பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் படகு ஏறுகிற ஆண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்காமார் இருக்கிற இடத்தில் விவரித்துப் பேசமாட்டேன். ஆனால் சாலொமோனைப் படித்துவிட்டு அதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் நான் நேர்மையானவன் இல்லை. இத்தனைக்கும் பின்னால் ஒரே நியாயம்தான் இருக்கிறது: "இவ்வளவு காலம் உழைச்சேன், இனிமேலாவது எனக்காக வாழக் கூடாதா?" வாலிபத்தில் ஆசை, ஆசையாகத்தான் வரும். நம் வயதில் அது கூலி கேட்கிற மாதிரி வருகிறது. அதனால்தான் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

சரி, இப்போது பர்சிலாவைப் பாருங்கள். 2 சாமுவேலில் வருகிற பெரியவர், வயது 80. கலகம் செய்த மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா ஓடிவந்தபோது படுக்கை, பாத்திரம், கோதுமை, மாவு, பயறு, தேன், வெண்ணெய் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவர். சாதாரண உதவி இல்லை அது. அப்சலோம் ஜெயித்திருந்தால் அவர் தலை தப்பியிருக்காது. சண்டை முடிந்தது, தாவீது ஜெயித்தாயிற்று. "என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மை நான் பராமரிப்பேன்" என்று ராஜாவே கூப்பிடுகிறார். கேட்டு வாங்கக்கூட வேண்டாம், தானாக வருகிற கூலி.

பர்சிலா என்ன சொன்னார்? எனக்கு 80 வயது. சாப்பிடுகிறதன் ருசி தெரியுமா, பாடகர் பாடுவது காதில் விழுமா, ராஜாவுக்கு நான் ஏன் பாரமாக இருக்க வேண்டும்? யோர்தான் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சதூரம் கூட வருகிறேன். அப்புறம் என் ஊரில், என் தாய் தகப்பன் கல்லறைப் பக்கத்தில் சாக விடும். இதோ உமது அடியான் கிம்காம், எனக்குப் பதிலாக இவனைக் கூட்டிக்கொண்டு போம் என்றார். ராஜா அவரை முத்தமிட்டு ஆசீர்வதித்தார். அவர் தன் ஊருக்குத் திரும்பினார்.

எத்தனை முறை படித்தாலும் அந்தக் 'கொஞ்சதூரம்' என்ற சொல்லில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கடமைக்குக் கூட வருகிறார், கூலிக்கு நிற்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. தாவீது மரணப் படுக்கையில் சாலொமோனைக் கூப்பிட்டு, பர்சிலாவின் பிள்ளைகளுக்குத் தயவு செய், அவர்கள் உன் பந்தியில் சாப்பிடட்டும் என்கிறார். தகப்பன் வேண்டாம் என்ற பந்தியில் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. நாளொன்றுக்கு 30 மாடு, 100 ஆடு வெட்டிய பந்தி அது. அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் உலகத்திலேயே பெரிய ஞானி. அவன் சாய்ந்துகொண்டே போனதை, கீழே உட்கார்ந்து சாப்பிட்ட பர்சிலாவின் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். தங்கள் அப்பா ஏன் யோர்தானோடு நின்றார் என்று அப்போது அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நாலு நம்பரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் ஆகிறது. புதன்கிழமை சாயங்காலம் இன்னும் கை பரபரக்கத்தான் செய்கிறது. அதனால் எனக்காக ஜெபம் பண்ணுங்கள். நேற்று இரவும் இரண்டு தாளை எடுத்து, மேசையில் வைத்து நீவி, பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தேன். என் கைக்கு அவர் பக்குவம் வரவில்லை. ஒரு ஓரம் மடங்கித்தான் இருந்தது.