பச்சை எழுத்தும் மஞ்சப்பையும்

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு வைத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்த நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, கதர்த் துண்டு போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அவர்களே (துண்டை பிளாஸ்டிக் உறையிலிருந்துதான் எடுத்தார், அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன்), பின்வரிசையில் இருக்கும் மகளிர் குழுத் தையல் சகோதரிகளே, வணக்கம்.

'பசுமை' என்று வெறும் பெயரைப் போட்டுக்கொள்வது பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: சட்டம், விளம்பரம், பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் திட்டத்துக்கு என்று சொல்லிக் கடன் திரட்டும் பத்திரம்). எங்கள் பாட்டி மூன்றையும் ஒரே வரியில் முடித்திருப்பார்: "ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்."

ஒரு கடையில் பை கொடுத்தார்கள். பச்சை எழுத்தில் '100 சதவீதம் மக்கும்' என்று போட்டிருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று முருங்கை மரத்தடியில் வாழைத்தண்டோடு சேர்த்துப் புதைத்தேன். "எப்போங்க முளைக்கும்?" என்றாள் மனைவி. அடுத்த தை வந்தது. தோண்டினேன். தண்டு மண்ணாகிவிட்டது. பை இருக்கிறது, எழுத்துகூட அழியவில்லை! கழுவி, அதே மரத்துக் கீரையை அதில் போட்டு அந்தக் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் சொன்னார்: "பரவாயில்லையே சார், நல்லா உழைக்குதே!"

மக்கும் பிளாஸ்டிக் என்று முறையாகச் சான்று வாங்கிய பைக்கே 58 டிகிரி அளவு சூடு நிற்கிற உரக்கிடங்கு வேண்டும். முருங்கை மரத்தடியில் அந்தச் சூடு ஏது? ஆனால் 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள் மக்கும் பைக்குத் தடிமன் கட்டுப்பாடு வைக்கவில்லை. மற்ற பிளாஸ்டிக் பைகளுக்கோ 2022 கடைசியிலிருந்து குறைந்தது 120 மைக்ரான் தடிமன் வேண்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கதவு திறந்திருந்தால் யார்தான் நுழையமாட்டார்கள்? பொருளை நெருக்கியது சட்டம். கம்பெனிகள் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டன. தாழம்பூ!

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சொல்லையும் பிடித்தது. 'பசுமை', 'இயற்கை' என்று சும்மா போடக்கூடாது. ஆதாரம் வேண்டும், அதை க்யூஆர் கோடிலோ இணைய முகவரியிலோ காட்ட வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம். நல்ல சட்டம். ஆனால் நம் கடைவீதியில் கொண்டையை அவிழ்த்து ஈர் பார்ப்பது யார்?

பசுமைப் பத்திரத்துக்கு நேரமில்லை. தலைவர் மணி அடிக்கிறார். மஞ்சப்பைக்கு க்யூஆர் கோடு வேண்டாம், துணி என்று தொட்டாலே தெரியும். சகோதரிகள் 200 பை தைத்து வாசலில் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி, முதல் பை உங்களுக்கு. இலவசம் இல்லை.