சின்ன பிக்கப், சின்ன டிரெய்லர்: முன்பாரம் சரியாக இருக்கிறதா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என் மனதை விட்டு அகலவே இல்லை. இங்கே சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு, பீனிக்ஸ் நகரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். தம்பியிடம் ஃபோர்டு மேவரிக் என்ற சிறிய பிக்கப் இருக்கிறது. வாடகைக்கு ஒரு முகாம் டிரெய்லர் எடுத்து, அதை இழுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் போவதாகத் திட்டம். "வண்டி 4,000 பவுண்டு இழுக்குமாம். டிரெய்லர் 2,900 பவுண்டுதான். ஆயிரம் பவுண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?" இதுதான் கேள்வி.

சகோதரி, முதலில் ஒன்றைத் தம்பியிடம் கேட்டுவிடுங்கள். மேவரிக் எல்லாமே 4,000 பவுண்டு இழுக்காது. அதற்கென்று தனியாக இழுவைத் தொகுப்பு சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாத மேவரிக்குக்கு 2,000 பவுண்டுதான் வரம்பு. அந்த வண்டி என்றால் இந்த டிரெய்லரை மறந்துவிடுங்கள்.

தொகுப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வண்டி இழுத்துவிடும். இழுவைத் திறனை அளக்க அமெரிக்காவில் ஜே2807 என்று ஒரு தரமுறை இருக்கிறது. அதன் ஏற்றச் சோதனைக்கு அளவுகோலாக இருப்பது உங்கள் தம்பி இருக்கும் அதே அரிசோனா மாநிலத்தில், டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சாலை. கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தூரம் விடாத ஏற்றம். கொளுத்தும் வெயிலில், ஏசி முழு வேகத்தில் ஓட, சிறிய வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏறி முடிக்க வேண்டும். அங்கே ஏறும் உயரம் சுமார் 900 மீட்டர். நம்முடைய புக்கிட் தீமா குன்று மொத்தமே 163 மீட்டர்தான். ஆகவே, ஏறுவது பற்றி நான் கவலைப்படவில்லை.

என்னுடைய பழைய நேயர்களுக்கு அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். இழுக்குமா என்று கேட்காதீர்கள். நேராகப் போகுமா, நிற்குமா என்று கேளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இதை மறுபடியும் சொல்வேன், ஏனென்றால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இழுவை எண் மட்டும்தான்.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களின் மேல் இறங்குவதில்லை. ஒரு பகுதி முன்னால் இருக்கும் கொக்கியின் வழியாக உங்கள் வண்டியின் மேல் இறங்குகிறது. மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். மூட்டையைப் பின்னால் அதிகமாக ஏற்றினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமாக ஏற்றினால் மாடு நடக்க முடியாமல் திணறும். முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றத் தெரியாதவனிடம் அந்தக் காலத்தில் யாரும் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். ஒற்றை அச்சு டிரெய்லரும் அதே கதைதான். அமெரிக்க வழக்கப்படி, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாகக் கொக்கியில் இறங்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 2,900 பவுண்டு என்பது வெறும் டிரெய்லர். கிலோவில் 1,315. தண்ணீர்த் தொட்டியில் 80 லிட்டர் நிரப்பினால் 80 கிலோ. நிறைந்த எரிவாயு உருளை இரண்டு 35 கிலோ, பேட்டரி 25 கிலோ, மெத்தை, பாத்திரம், அரிசி, பருப்பு, நாற்காலி எல்லாம் சேர்ந்து 150 கிலோ. கூட்டினால் 1,605 கிலோ. 4,000 பவுண்டு என்பது 1,814 கிலோ. அதாவது இன்னும் 200 கிலோவுக்கு மேல் இடமிருக்கிறது. இங்கேதான் எல்லோரும் நிம்மதியாகக் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

நான் அங்கே நிறுத்த மாட்டேன். 1,605-இல் 12 விழுக்காடு 193 கிலோ. அது உங்கள் பிக்கப்பின் முதுகில் ஏறுகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் நிற ஒட்டுவில்லை இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். மேவரிக்குக்கு அதிகபட்சமாகச் சொல்லப்படுவது 1,500 பவுண்டு, ஆனால் அந்தந்த வண்டியில் சேர்த்த வசதிகளைப் பொறுத்து அது குறையும். தம்பியின் வண்டியில் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் 330 கிலோ. முன்பாரம் 193. ஆயிற்றா, 523. பின் தட்டில் ஐஸ் பெட்டி, சைக்கிள், விறகு என்று 100 கிலோ போட்டால் 623. இழுவையில் 200 கிலோ மிச்சம் இருக்கும்போதே சுமையில் 23 கிலோ கூடிவிட்டது! இதற்கு மேல், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஒரு வரம்பு உண்டு. பிக்கப்பில் ஆள் ஏற ஏற, இழுக்கக்கூடிய எடையும் குறைந்துகொண்டே வரும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் காரியம்தான் எனக்குப் பெரிய கவலை. பின்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, டிரெய்லரில் இருக்கும் சாமான்களைப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். கொக்கியில் பாரம் குறைகிறது, பிக்கப் நிமிர்ந்து நிற்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் டிரெய்லருக்கு இப்போது பின்பாரம் வந்துவிட்டது. அது வால் ஆட்டத் தொடங்கும்.

ஓட்டப்பயிற்சி இயந்திரத்தின் மேல் பொம்மை லாரியை ஓடவிட்டுக் காட்டிய காணொளி நினைவிருக்கிறதா? இரும்புத் துண்டு டிரெய்லரின் முன்பக்கம் இருந்தபோது விரலால் தட்டினேன். இரண்டு ஆட்டத்தில் அடங்கியது. அதே துண்டைப் பின்பக்கம் வைத்து அதே வேகத்தில் தட்டினேன். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, லாரியையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. வேகத்தைக் குறைத்தபோது அதே சுமை அடங்கி ஓடியது. எடை இருக்கும் இடமும் வேகமும், இந்த இரண்டும்தான் விஷயம். எஞ்சினின் பலத்துக்கு அதில் பங்கே இல்லை.

என் மைத்துனர் பெர்த்தில் இருக்கிறார். அவருடைய டிரெய்லரில், சிறிய டிரெய்லர்கள் பலவற்றில் இருப்பதுபோல, அடுப்படி பின்பக்கம். கதவைத் தூக்கினால் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அங்கேதான். கைக்கு எட்டட்டும் என்று தண்ணீர்க் கேன்களையும் அங்கேயே அடுக்கியிருந்தார். நானும் அவரோடு வடக்கே போகும் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ரோடு டிரெயின் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 50 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள லாரித் தொடர்கள் ஓடுகின்றன. அது கடந்தபோது காற்று முதலில் எங்களைத் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. கண்ணாடியில் டிரெய்லர் ஒருமுறை இடதுபக்கமும் ஒருமுறை வலதுபக்கமும் தெரிந்தது. மைத்துனர் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, காலை மட்டும் எடுத்தார். அடங்கியது. அடுத்த பெட்ரோல் நிலையத்தில் கேன்களை அச்சுக்கு முன்னால் மாற்றினோம். அதன் பிறகு எத்தனையோ ரோடு டிரெயின்கள் கடந்து போயின, எங்கள் டிரெய்லர் அசையவில்லை. அந்த வேளையில் பயந்து பிரேக்கை அழுத்தியிருந்தால், பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி வண்டியையே மடக்கிவிடும். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி பிக்கப்பில் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். அந்தக் கருவி வண்டியில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டிரெய்லரில் மின் பிரேக் இருந்தும் இந்தக் கருவி இல்லாவிட்டால், ஓடும்போது அந்தப் பிரேக் வேலையே செய்யாது.

நீங்கள் ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள், நான் இறங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், வழியில் வரும் ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டர். போகும்போது 17ஆம் எண் நெடுஞ்சாலையில், எஞ்சின் கொதிக்காமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகை இருக்கிறது. அதை மதித்தால் போதும். திரும்பும்போது அத்தனை உயரத்தையும் 1,600 கிலோவோடு இறங்க வேண்டும். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக் மிதியில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும்.

முன்பாரத்தை அளக்கக் குளியலறைத் தராசு போதும். சாமான் எல்லாம் ஏற்றியபின், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரை மட்டமாக நிறுத்துங்கள். ஓர் உறுதியான பலகையின் ஒரு முனை செங்கல்மேல், மறுமுனை தராசின்மேல். செங்கல் தாங்கும் இடத்திலிருந்து ஓர் அடியில் கொக்கி அழுந்த வேண்டும், மூன்று அடியில் தராசு இருக்க வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். உங்கள் டிரெய்லருக்கு அது 160 கிலோவுக்கும் 240 கிலோவுக்கும் நடுவில் வர வேண்டும், ஆனால் தம்பியின் வண்டிக்கும் கொக்கிக்கும் சொல்லப்பட்டிருக்கும் முன்பார வரம்பைத் தாண்டக் கூடாது.

சுமையைக் குறைக்க வழி உண்டு. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் உள்ள மேத்தர் முகாமிடத்தில் குடிநீர் கிடைக்கும், தொட்டியை அங்கே போய் நிரப்புங்கள். தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால், காலி செய்தபின் முன்பாரத்தை மறுபடி அளக்க வேண்டும். விறகையும் சைக்கிளையும் விட்டுவிடுங்கள். இரண்டு பேர் இன்னொரு காரில் வந்தால் இன்னும் நல்லது.

தம்பியிடம் அந்த மஞ்சள் ஒட்டுவில்லையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அடுத்து, பூன் லேயிலிருந்து ஒரு தம்பி வேன் டயரின் காற்றழுத்தம் பற்றிக் கேட்டிருக்கிறார்.