எலிக்காய்ச்சலும் வீட்டு நாயும்

நேயர்களுக்கு வணக்கம். மழைக்காலத்தில் சோர்ந்துபோன நாயைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், கால்நடை மருத்துவனாகிய நான் முதலில் அதன் மேலுதட்டை விலக்கி ஈறைப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு மஞ்சள் பூசியதுபோல் தெரிந்து, சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் போகிறதென்றால், எலிக்காய்ச்சலைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

பெயரில் எலி இருந்தாலும், லெப்டோஸ்பைரா என்னும் இந்தச் சுருள் வடிவ பாக்டீரியா மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரகத்திலும் தங்கும். 1933-இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட 'கேனிகோலா' என்ற வகைக்கு நாய்தான் முதன்மையான இருப்பிடம். சிறுநீரோடு வெளியேறும் கிருமி தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, வெட்டுக்காயம், சேற்றில் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் நுழைகிறது. உலர்ந்த இடத்தில் அது விரைவில் மடிந்துவிடும்.

மனிதர்களுக்குப் பெரும்பாலும் எலியிடமிருந்தும் அசுத்தமான நீரிலிருந்துமே இந்நோய் வருகிறது. ஆகவே பயந்துபோய் நாயைத் தெருவில் விட்டுவிடாதீர்கள், அது உங்களைப் போலவே அதே தண்ணீரை மிதித்து நோயுற்ற உயிர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் தணிந்து, வாலாட்டி, வழக்கம்போல் சோறு தின்னத் தொடங்கிய நாயின் சிறுநீரகக் குழாய்களில் கிருமி ஒளிந்திருந்து, மாதக்கணக்கில்கூடச் சிறுநீரில் வெளியேறலாம். பென்சிலின் வகை மருந்துகள் இரத்தத்தில் உள்ள கிருமியை அழித்தாலும், சிறுநீரகத்தில் தங்கியதை அகற்ற டாக்சிசைக்ளினை இரண்டு வாரங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாய் தேறிவிட்டதே என்று ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்துவோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அந்த நாள்களில் அதன் சிறுநீரை வெறுங்கையால் துடைக்கக் கூடாது. கையுறை அணிந்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றிச் சற்று நேரம் விட்டுக் கழுவுங்கள். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுக்காது என்றாலும், கடுமையான நோயிலிருந்து பெரிதும் காக்கும்.

வீட்டில் எவருக்கேனும் திடீர்க் காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் தசை தொட்டாலே வலித்தால், அன்றே மருத்துவரிடம் சென்று, மழைநீரில் நடந்ததையும் நாய் நோயுற்றிருந்ததையும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். வணக்கம்.