வைல்ட் டிஸ்கஸ் தொட்டி: முதலில் மரம், அப்புறம் மீன்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிகிற தொட்டியில் இப்போது மீன் கிடையாது. பழுப்பு நிறத் தண்ணீர், மேலிருந்து கீழே இறங்குகிற கிளைகள், அடியில் மணல், கொஞ்சம் காய்ந்த இலை, அவ்வளவுதான். ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. வைல்ட் டிஸ்கஸுக்காக இந்தத் தொட்டி தயாராகிறது. இப்படி ஒரு தொட்டியை எப்படி அமைக்க வேண்டும் என்று இன்றைக்கு விரிவாகப் பேசலாம்.

கடையில் பார்க்கிற சிவப்பு, வெள்ளை, மஞ்சள் டிஸ்கஸ்கள் பல தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. வெறும் கண்ணாடித் தொட்டி, குழாய்த் தண்ணீர், ஆட்கள் நடமாட்டம் எல்லாம் அவற்றுக்குப் பழகிப்போன விஷயம். வைல்ட் டிஸ்கஸ் என்றால் அமேசான் ஆற்றுப் படுகையில் பிடிக்கப்பட்ட மீன். பழுப்பு, நீலம், பச்சை, அப்புறம் ஹெக்கல் என்று வகை சொல்வார்கள். அமேசானின் கிளை ஆறான ரியோ நீக்ரோவிலிருந்து வந்த மீனை வைத்து 1840-இல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய அறிஞர் முதன்முதலில் இந்த இனத்தை விவரித்தார். அவர் பெயரே அந்த வகைக்கு நிலைத்துவிட்டது. டிஸ்கஸின் உடம்பில் வழக்கமாக ஒன்பது செங்குத்துப் பட்டைகள் இருக்கும். ஹெக்கலில் முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது பட்டைகள் மட்டும் அழுத்தமாகத் தெரியும். நடுப்பட்டையைப் பார்த்தாலே அடையாளம் சொல்லிவிடலாம்.

சரி, இந்த மீன் அங்கே எப்படி வாழ்கிறது? தொட்டியின் அமைப்பு முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அமேசானில் ஆண்டுதோறும் வெள்ளம் வரும். மனாஸ் நகரத்துப் பக்கம் ஆற்று மட்டம் ஒரே ஆண்டில் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். தண்ணீர் ஏறும்போது காடு மூழ்கும், டிஸ்கஸும் காட்டுக்குள் பரவிவிடும். தண்ணீர் வடிந்ததும் ஏரிக்கரைகளிலும் ஓடையோரங்களிலும் விழுந்து கிடக்கிற மரங்களின் கிளைகளுக்குள் கூட்டமாக வந்து சேரும். அந்த ஊர் மீனவர்கள் இரவில் படகில் போய், டார்ச் அடித்து, கைவலையால் அந்தக் கிளைகளுக்கு நடுவிலிருந்துதான் பிடிக்கிறார்கள். கிளைகளைத் தாங்களே குவித்து வைத்து மீன் வந்து சேரக் காத்திருப்பதும் உண்டு.

இந்த மீன் ஏன் இவ்வளவு தட்டையாக, இவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதற்கும் அங்கேதான் விடை. அலமாரியில் தட்டுகளைச் சாய்த்து அடுக்குகிற மாதிரி, கிளைக்கும் கிளைக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய சந்தில் இது செங்குத்தாக நின்றுகொள்ளும். பட்டைகள் நிழலோடு கலந்துவிடும். அதனால்தான், தொட்டிக்குள் முதலில் மரத்தை யோசியுங்கள் என்று சொல்கிறேன். செடி, விளக்கு, பின்னணிப் படம் எல்லாம் அதற்கு அப்புறம்.

மரத்தைப் படுக்கவைத்து நடுவில் ஓர் அழகுப் பொருளாக வைப்பதுதான் பொதுவான பழக்கம். டிஸ்கஸுக்கு அது உதவாது. கிளைகள் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் நல்லது. கிளைகளுக்கு நடுவில் ஒரு கை அகல இடைவெளி விடுங்கள், வளர்ந்த மீன் திரும்பிப் போக அது தேவைப்படும். இதோ, இந்த இடது பக்கம் பாருங்கள், அடர்த்தியாக இருக்கிறது. வலது பக்கம் முழுக்கத் திறந்த இடம். ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் தைரியமாக வெளியே வந்து நீந்தும். வெட்டிய முனைகளையெல்லாம் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள். பயந்த டிஸ்கஸ் அம்பு மாதிரி பாயும், கூரான முனை இருந்தால் கண்ணில் குத்திவிடும். புதிய டிரிஃப்ட்வுட்டில், அதாவது இந்த மரத்துண்டுகளில், முதல் சில வாரங்கள் வெள்ளையாக ஒரு வழுவழுப்பு படரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தானாகவே போய்விடும்.

தொட்டியின் அளவில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். இது கூட்டமாக வாழும் மீன். இரண்டு, மூன்று வைத்தால் வலுத்தது மற்றதை ஓயாமல் விரட்டும். குறைந்தது ஆறு வேண்டும், எட்டு இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த மீன் 15 சென்டிமீட்டரைத் தாண்டும், ஒன்றுக்கு 50 லிட்டர் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 150 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் என்றால் 540 லிட்டர். தண்ணீரே 540 கிலோ வந்துவிடும். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். தரை தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்டாண்ட் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். மேலிருந்து குனிந்து பார்க்கிற உருவம் இந்த மீனுக்கு எதிரி மாதிரி. பின்பக்கத்தையும் ஒரு ஓரத்தையும் கறுப்புத் தாளால் மறைத்துவிட்டால் பாதி பயம் குறையும்.

இப்போது தண்ணீர். இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ரியோ நீக்ரோவின் தண்ணீரில் உப்புச்சத்து அநேகமாகக் கிடையாது. பிஎச், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டுகிற எண், 4-இலிருந்து 5 வரை. 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். இதைப் படித்துவிட்டு, நம் தொட்டியையும் அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்று அமிலத்தை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அமிலத் தண்ணீரின் பெரிய பலன் பிஎச் எண்ணில் இல்லை, அந்தத் தண்ணீரில் பாக்டீரியா குறைவாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் வளர்ந்த மீன், கிருமி மிகுந்த தொட்டியில் சீக்கிரம் நோயில் விழும். அதனால் சுத்தமான, மிருதுவான (அதாவது கால்சியம் மாதிரி உப்புகள் குறைந்த), நாளுக்கு நாள் மாறாத தண்ணீர்தான் நம் இலக்கு. என் அனுபவத்தில் பிஎச் 6-இலிருந்து 6.5 வரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற கடத்துத்திறன் 100 மைக்ரோ சீமென்ஸ் பக்கம் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வைல்ட் டிஸ்கஸ்கள் நன்றாக இருக்கும். ஹெக்கல் இன்னும் மிருதுவான தண்ணீரை விரும்பும்.

இதற்கு ஆர்ஓ தண்ணீர் வேண்டும். வீட்டில் வைக்கிற வாட்டர் சாஃப்ட்னர் இதற்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, மொத்த உப்பு குறைவதில்லை. ஆர்ஓ தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலப்பதுதான் எளிய வழி. கணக்கு இப்படி: உங்கள் குழாய்த் தண்ணீர் 400 மைக்ரோ சீமென்ஸ், ஆர்ஓ தண்ணீர் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ மூன்று பங்கு கலந்தால் 115 வரும். மீட்டரை விட்டு அளந்து பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரமின் இருந்தால் அப்படிப் போகாது, அதற்கான மருந்து போட்டே ஆக வேண்டும்.

முழுக்க முழுக்க ஆர்ஓ தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கேஎச், பூஜ்யமாகிவிடும். அப்புறம் பிஎச் ஒரே இரவில் சரிந்துவிட வாய்ப்பு உண்டு. கேஎச் ஒன்றோ இரண்டோ இருக்கட்டும்.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. பிஎச் 6-க்குக் கீழே போகப் போக இந்த பாக்டீரியா சோம்பிவிடும். அம்மோனியா சேரும். ஆனாலும் மீன் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகத் தீங்கு செய்யாத வடிவத்தில் கிடக்கிறது. ஆபத்து வருவது வாட்டர் சேஞ்ச் அன்றைக்கு. பிஎச் அதிகமுள்ள தண்ணீரை மொத்தமாக ஊற்றுகிறீர்கள், பிஎச் ஒரு எண் ஏறுகிறது, நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு ஆகிறது. தண்ணீர் மாற்றியதும் மீன் செத்துவிட்டது என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இது இருக்கலாம். புதுத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் பிஎச்சிலும் வெப்பத்திலும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டு, மெதுவாக ஊற்றுங்கள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

ஃபில்டரை மீன் இல்லாமலே ஓடவிட்டு, கொஞ்சம் அம்மோனியா சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இதைப் பிஎச் 7-க்குப் பக்கத்தில் வைத்துச் செய்தால் பாக்டீரியா வேகமாக வளரும். அது நிலைத்த பிறகு தண்ணீரை மிருதுவாக்கலாம். ஆறு வாரம் ஆனாலும் பொறுங்கள். நோயில்லாத வேறொரு தொட்டியில் ஏற்கெனவே ஓடிய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் சீக்கிரம் முடியும்.

வெப்பம் 28-இலிருந்து 30 டிகிரி. பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னது இரண்டு போடுங்கள். ஒன்று நின்றாலும் தொட்டி உடனே குளிராது, ஒன்று நிற்காமல் எரிந்தாலும் உடனே கொதிக்காது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே கரையும், 30-இல் சுமார் 7.5தான். அதனால் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் மீனைத் தள்ளுகிற வேகமான ஓட்டம் வேண்டாம்.

மணல் மெல்லியதாக, இரண்டு சென்டிமீட்டர் போதும். டிஸ்கஸ் மணலில் ஊதி ஊதி உணவைத் தேடும், பார்க்க அவ்வளவு அழகு. அதன் மேல் காய்ந்த நாட்டு வாதுமை இலை. தண்ணீரில் பழுப்பு நிறமும், லேசான அமிலத்தன்மை கொண்ட டானினும் இறங்கும். கேஎச் அதிகமாக இருந்தால் இலை எவ்வளவு போட்டாலும் பிஎச் அசையாது, தெரிந்துகொள்ளுங்கள். விளக்கு மங்கலாக இருக்கட்டும். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும்.

மீன் வந்து சேர்ந்ததும் இந்தத் தொட்டிக்குள் விடாதீர்கள். தனித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு துண்டு மரம், நாலிலிருந்து ஆறு வாரம். பை பயணத்தில் இருக்கும்போது மீன் விடுகிற கார்பன் டை ஆக்சைடால் உள்ளே பிஎச் இறங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும், முன்பு சொன்ன அம்மோனியா விஷயம் பைக்குள்ளேயே நடக்கும். மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதை அதனால்தான் நான் ஏற்பதில்லை. விற்பவரிடம் அவருடைய தண்ணீரின் அளவுகளை முன்கூட்டியே கேட்டு, தனித் தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். பையைத் திறப்பதற்கு முன் வெப்பம் மட்டும் சமமாகட்டும். திறந்ததும் மீனை எடுத்து விட்டுவிட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுவது, மரத்தில் உரசுவது, நூல் மாதிரி வெள்ளைக் கழிவு, உடம்பு கறுத்து மூலையில் நிற்பது, இவற்றைக் கவனியுங்கள். செவுள் புழுவுக்கு பிராசிகுவாண்டல், குடலில் வருகிற ஹெக்ஸாமிட்டா என்ற ஒட்டுண்ணிக்கு மெட்ரோனிடசோல் வழக்கமான மருந்துகள். ஆனால் அறிகுறியே இல்லாமல் எல்லா மருந்தையும் சேர்த்துக் கொட்டுவது மீனுக்குச் செய்கிற கொடுமை. முடிந்தால் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பண்ணை டிஸ்கஸோடு வைல்டைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று சுமந்து பழகிய கிருமி மற்றதுக்குப் புதிது.

சாப்பாட்டுக்கு முதலில் ஃப்ரோசன் பிளட்வார்ம் என்ற சிவப்புப் புழு, ஆர்டீமியா என்ற குட்டி இறால். இயற்கையில் இது பாசி, மக்கிய இலைத்துகள், சின்னப் பூச்சி புழுக்கள் எல்லாம் சாப்பிடுகிற மீன். மாட்டு ஈரலும் இதயமும் மட்டுமே போட்டுக் கொழுக்கவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பைருலினா பாசி கலந்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

துணைக்கு கார்டினல் டெட்ரா என்ற சின்ன மீன் மிகப் பொருத்தம். இதே வெப்பம், இதே தண்ணீர். ரியோ நீக்ரோ கரையில் இருக்கிற பார்சிலோஸ் ஊரில் பல குடும்பங்கள் கார்டினல் பிடித்தே பிழைக்கின்றன. மீன் வந்துகொண்டிருக்க வேண்டுமானால் காடு நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே ப்ராஜெக்ட் பியாபா என்ற அமைப்பு இதைத்தான் எடுத்துச் சொல்லி வருகிறது. பொறுப்பாகப் பிடித்த மீனை வாங்குவதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லாததற்குக் காரணம் அதுதான். எங்கே பிடித்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள்.

கார்டினலையும் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, அதை முதலில் பெரிய தொட்டியில் விடுங்கள். சின்ன மீன் வெளியே திரிவதைப் பார்த்தால் டிஸ்கஸுக்குத் தைரியம் வரும். அப்புறம் டிஸ்கஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். மறுநாள் கொஞ்சம் போட்டுப் பாருங்கள், மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள். நாலைந்து நாள் சாப்பிடாமல் கிளைக்குள்ளேயே நின்றாலும் பதறி பிஎச்சை மாற்றப் போகாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட், வெப்பம் மூன்றையும் அளந்து பாருங்கள், சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆர்ஓ தண்ணீர் கலந்து, அளந்து, தொட்டிக்குள் விடுவதை அடுத்த வீடியோவில் நேரடியாகவே செய்து காட்டுகிறேன்.