தெருவுக்குள் வரும் மதுக்கடை: மனுவில் என்ன எழுத வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். இன்று நம் தெருக்களில் எழும் கேள்வி, கடை எங்கே இருக்கக் கூடாது என்பது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, மக்கள்தொகை 20,000 வரை உள்ள ஊர்களில் 220 மீட்டர் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சாலையோரக் கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம் தேடின. பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். ஜூலையில், நகர எல்லைக்குள் உரிமம் வழங்க அந்த உத்தரவு தடையில்லை என்று நீதிமன்றமே விளக்கியது. அதனால் சேலம் மாநகருக்குள் 'நெடுஞ்சாலைக்குப் பக்கம்' என்று மட்டும் எழுதும் மனு நிற்காது.

நிற்பது, டாஸ்மாக் கடைகளுக்கான 2003ஆம் ஆண்டு மதுச் சில்லறை விற்பனை விதிகளின் 8ஆவது விதி. வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் இரண்டிலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். ஏற்காட்டுக்கு 100. பிள்ளைகள் நடந்து போகும் தெருவில் 50 மீட்டர் மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கோயில் அறநிலையத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். ஆடிப் பண்டிகைக்கு ஊரே திரண்டாலும் பதிவில்லாத மாரியம்மன் கோயில் கணக்கில் வராது. பள்ளிக்கு அரசு அங்கீகாரம் வேண்டும், டியூஷன் சென்டர் போதாது. கடை வந்த பிறகு கட்டிய பள்ளியைக் காட்ட முடியாது. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே முதலில் அந்த நில வகைப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டடத்தில் கம்பிக் கதவு பொருத்தும்போதே எழுதுங்கள். விற்பனை தொடங்கிவிட்டால் அகற்றுவது பெரும்பாடு. மனு ஆட்சியருக்கு, நகல்கள் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் கலால் உதவி ஆணையருக்கும். பதிவுச் சான்று, அங்கீகார ஆணை, நீங்கள் டேப் பிடித்து அளந்த வரைபடம் மூன்றையும் இணையுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். அதிகாரிகள் அளந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஏற்காட்டு நேயர்களுக்கு இன்னொன்று. ஓட்டல் பார்கள் எஃப்.எல்.3 உரிமத்தில், 1981ஆம் ஆண்டு விதிகளின்கீழ் நடக்கின்றன. அவற்றின்மேல் புகார் எழுதும்போது டாஸ்மாக் கடைக்கான விதியைக் காட்டாதீர்கள்.