எண்ணெய் விடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

வணக்கம். துணி உலர்த்துகிற ட்ரையரில் பெல்ட் மாற்றுவது எப்படி என்று முன்பு காட்டியிருந்தேன், ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ட்ரையரைப் போட்டதும் டகடகவென்று அடிக்கிறது. பத்து நிமிடத்தில் தானாகக் குறைந்துவிடும். துணி சுழலும் ட்ரம்மைத் தாங்குகிற சின்னச் சக்கரம், அந்த ரோலர்தான் தேய்ந்திருக்கும் என்று பின்பக்கத்தைத் திறந்து எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் பழையபடி டகடக, கூடவே ஒரு கிறீச். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடலாமா? இல்லை, அந்த ஒரு ரோலரை மட்டும் மாற்றினால் போதுமா?”

இந்தக் கேள்வி இரண்டு நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு சொல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது: “பத்து நிமிடத்தில்”. சத்தம் வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்துச் சொல்பவர்கள் குறைவு. இவர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை.

ரோலரின் மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ட்ரம்மின் எடை முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ட்ரையர் சும்மா நிற்கும் நேரமெல்லாம் ரப்பரின் ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருக்கும். புது ரப்பர் அழுந்தினாலும் எழுந்துகொள்ளும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து இறுகிப்போன ரப்பர் எழுந்துகொள்ளாது, அந்த இடம் தட்டையாகிவிடும். ஓட ஓடச் சூடு ஏறி ரப்பர் இளகுகிறது, தட்டை கொஞ்சம் நிரவுகிறது, சத்தம் குறைகிறது. பத்து நிமிடக் கணக்கு இதுதான். இதற்கு எண்ணெய் எப்படி மருந்தாகும்? தட்டையானது வெளியே இருக்கிற ரப்பர். எண்ணெய் போவது உள்ளே இருக்கிற ஷாஃப்ட்டுக்கு, அதாவது ரோலர் சுழலும் அச்சுக்கு.

அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், எண்ணெயை எடுப்பதற்கு முன் சத்தத்தை எண்ணுங்கள். பழைய நேயர்களுக்கு இது சலித்துப்போயிருக்கும், பரவாயில்லை. வீட்டு ட்ரையரின் ட்ரம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 50 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். ‘டொம்… டொம்… டொம்’ என்று நிதானமாக, நாம் எண்ணும்படி வந்தால் அது ட்ரம்மிலேயே இருக்கிற கோளாறு. ட்ரம்முக்கு 68 சென்டிமீட்டர் விட்டம், ரோலருக்கு ஏழரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரம் ஒரு சுற்று வருவதற்குள் ரோலர் 9 சுற்று ஓட வேண்டும். அப்படியானால் நொடிக்கு ஏழெட்டு அடி விழும். அதுதான் ‘டகடகடக’. வாயால் எண்ண முடியாது, ஆனால் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழும். மூன்றாவது, மோட்டாரும் அதன் ஷாஃப்ட்டிலேயே மாட்டியிருக்கிற காற்றாடியும். அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றுகிறது. அதில் கோளாறு என்றால் அடி தனித்தனியாகக் கேட்காது, ‘ர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல்தான். மாடலுக்கு மாடல் அளவு மாறும், இந்த மூன்று வித்தியாசம் மாறாது.

இதை நான் எண்ணாமல் விட்டு மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. என் அத்தை வீட்டு ட்ரையரில் சத்தம். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி போய், காதை வைத்துக்கூடப் பார்க்காமல், ரோலர் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். நாலு ரோலரும் மாற்றினேன். மத்தியானம் முழுக்க வேலை. மூடி, போட்டால் அதே சத்தம். அத்தை ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அப்புறம்தான் நின்று எண்ணினேன். சுற்றுக்கு ஒன்றிரண்டு தட்டல், அவ்வளவுதான். ட்ரம்முக்குள் துணியைத் தூக்கிப் போடுகிற மேடு இருக்குமே, அதற்குள் ஒரு பேனா மூடி கிடந்து அப்படியும் இப்படியும் உருண்டுகொண்டிருந்தது. மூன்று திருகைக் கழற்றினால் முடிகிற வேலை.

சரி, நேயருக்கு வருகிறேன். அவருடையது டகடக, அதோடு பத்து நிமிடம். ரோலர்தான். ஆனால் எண்ணெய் விட்டதும் இரண்டு நாள் அடங்கியது ஏன்? உள்ளேயும் தேய்மானம் இருக்கிறது, அதனால்தான். 45 நிமிடம் ஒரு தடவை ஓடினால் ரோலர் 20,000 சுற்றைத் தாண்டுகிறது. ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கிற துளை தேய்ந்து கோழிமுட்டை மாதிரி நீள்வட்டமாகிவிடும். அந்த இடைவெளியில் எண்ணெய் போய் மெத்தை மாதிரி நிற்கும், கொஞ்ச நாள் சத்தத்தை விழுங்கும். அதற்குள் பஞ்சுத் தூசி வந்து ஒட்டும். எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் பசை. பசை சூட்டில் காய்ந்தால் கிறீச். துரு நீக்க அடிக்கிற ஸ்பிரே இதற்கு இன்னும் மோசம், அதில் பாதிக்கு மேல் ஆவியாகிப் போகிற திரவம். அதோடு பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பல வகை ரப்பர் ஊதிப்போகும். பல ரோலர்களுக்கு எண்ணெயே தேவையில்லை, அந்தப் பிளாஸ்டிக்கே வழுக்கும் வகை. சிலவற்றுக்கு மட்டும் தயாரித்தவர்களே ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் விடுங்கள், சொன்ன எண்ணெயை விடுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்றால், வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். தேய்ந்த ரோலர் கொஞ்சம் குள்ளமாகிவிடும். பக்கத்தில் புதியது ஒன்றைப் போட்டால் ட்ரம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பாரமும் சமமாக இறங்காது. தவிர, இந்த வேலையில் பெரும்பாடு திறந்து மூடுவதுதான். ரோலரைக் கழற்றி மாட்டுவது ஐந்து நிமிடம். ஐந்து நிமிட வேலைக்காக மறுபடி ஒரு நாள் ட்ரம்மை வெளியே இழுக்கப் போகிறீர்களா? பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சின்ன புல்லிக்கும் அதே வயதுதான், அதையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

திறக்கும் முறை பெல்ட் வீடியோவில் சொன்னதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. காஸ் ட்ரையர் என்றால் வால்வை மூடுங்கள், குழாயை மடக்கி இழுக்காதீர்கள். கையுறை கட்டாயம், உள்ளே தகட்டின் விளிம்பு கத்திதான். பெல்ட்டைக் கழற்றியதும் அவசரப்படாமல் ட்ரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சொரசொரவென்று கையில் தட்டுகிறதா? இந்தச் சின்ன சோதனை காதை விட நம்பகமானது.

ரோலரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு முக்கோண வளையம். நெம்பும்போது அதன் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது ஒரு தடவை பறந்து போனது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஷாஃப்ட்டே நட்டு போட்டு நிற்கிற மாடல்களில் ஒரு விஷயம்: சிலவற்றில் ஒரு பக்கத்துக்கு இடது மரை இருக்கும். சைக்கிளின் இடது பெடலில் இருக்கிறதே, அது மாதிரி. ஓடுகிற திசையில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. தெரியாமல் வழக்கம்போல் திருகினால் இறுகிக்கொண்டே போகும். கழலவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையை மாற்றிப் பாருங்கள்.

ரோலரை உருவியதும் ஷாஃப்ட்டைப் பாருங்கள். நான் கடைசியாகத் திறந்த ஒன்றில், ஷாஃப்ட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. ஏதோ வாஷர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் கீறினால் பிரிகிறது. முழுக்கப் பஞ்சு, இறுகி இறுகி அட்டை மாதிரி ஆகியிருந்தது, நடுவில் ஒரு நீல நூலும் நீண்ட தலைமுடி ஒன்றும். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நகத்தை ஷாஃப்ட்டின் நீளவாக்கில் மெல்ல இழுத்தேன். ஒரு இடத்தில் நகம் தடுக்கியது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். தடுக்கினால் ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டியதுதான். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டில் புது ரோலரைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். ரோலர் எப்படி மாற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பஞ்சு உள்ளே எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை! அது வடிகட்டியில் போய்ச் சிக்க வேண்டிய பஞ்சு. வடிகட்டியின் வலை கிழிந்திருக்கலாம். ட்ரம்மின் விளிம்பில் இருக்கிற கம்பளிப் பட்டை தேய்ந்திருக்கலாம். வெளியே காற்று போகிற குழாய் அடைத்துக்கொண்டு, போக வழியில்லாமல் காற்று பெட்டிக்குள் திரும்பியிருக்கலாம். சத்தம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பஞ்சு தீப்பிடிக்கிற பொருள். 2008 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்த அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், அங்கே வீடுகளில் வருடத்துக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள் என்று சொன்னது. காரணங்களில் முதலில் நின்றது சுத்தம் செய்யாமல் விட்டது. அதனால் திறந்ததுதான் திறந்தீர்கள், வேக்குவம் கிளீனரை உள்ளே விட்டு மூலைமுடுக்கெல்லாம் உறிஞ்சிவிடுங்கள். பின்பக்கக் குழாயையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுமுனை தெரிகிறதா?

எல்லாம் மாட்டியபின், பெல்ட்டின் வரிப்பக்கம் ட்ரம்மைப் பார்த்து இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிளக்கைச் சொருகும் முன் ட்ரம்மைக் கையால் இரண்டு சுற்று. அப்புறம் துணி போடாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். உங்கள் சத்தம் வருகிற அதே பத்து நிமிடம்தான். அப்போதும் டகடக கேட்டால், எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.