மரத்தில் தொங்கிய பொட்டலம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். எனக்கு வேதாரண்யம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

‘தொண்டர்’ என்ற சொல் அரசியலுக்கு வந்தபின் உயர்ந்ததா, தாழ்ந்ததா? இதுதான் தலைப்பு. உயர்ந்தது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் ஒரே ஒரு வரி சொன்னார். "அன்றைய தொண்டர் கையில் உழவாரம், இன்றைய தொண்டர் கையில் பிரியாணிப் பொட்டலம்!" பந்தல் அதிர்ந்தது. கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆனது. நடுவர் அவர்களே, அந்தப் பொட்டலத்தை நான் விடப்போவதில்லை.

ஆனால் முதலில் உழவாரம். அப்பர் பெருமான் ஊர் ஊராகப் போய்க் கோயில் பாதையில் முளைத்த புல்லைச் செதுக்கிய கருவி அது. தொண்டு என்றால் என்ன என்று கேட்டால், அதைத்தான் காட்ட வேண்டும். அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் இன்னொரு பொருளும் இருக்கிறது. தொண்டன் என்றால் அடிமை. அகராதியைப் புரட்டிப் பாருங்கள், இருக்கும். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கிற நேரத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து நிற்கிறார். "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது" என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபை வரைக்கும் போகிறது. அடிமைதான் என்று தீர்ப்பு வருகிறது. வந்தவர் சிவபெருமான் என்பது பிற்பாடுதான் தெரிகிறது. அந்தச் சுந்தரர்தான் பிறகு தொண்டர்களை எல்லாம் பெயர் சொல்லி வணங்கினார். அந்தப் பெயர் வரிசையை வைத்துத்தான் சேக்கிழார் நூல் செய்தார். நாம் பெரியபுராணம் என்கிறோமே, அதற்கு அவர் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம்.

ஆக, பக்தியில் அது எவ்வளவு உயர்ந்த சொல்லாக இருந்தாலும், அதற்குள்ளே ஓர் ஓலை இருந்தது. பாட்டன் எழுதிக் கொடுத்தது, பேரனைக் கட்டியது. அந்த ஓலையை எடுத்துவிட்டு, "நானே வருகிறேன்" என்ற பொருளை அந்தச் சொல்லுக்குக் கொடுத்தது எது? அரசியல். அதுவும் இந்த நாட்டு விடுதலை அரசியல்.

சரி, இப்போது பொட்டலம்.

1930 ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் புறப்படுகிறார்கள். வேதாரண்யம் வரை ஏறத்தாழ 150 மைல். கால்நடை. சித்திரை வெயில். கடற்கரையில் போய் உப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். அவர் ஓர் உத்தரவு போடுகிறார். இவர்களுக்குச் சோறு போட்டாலும் தண்டனை, படுக்க இடம் கொடுத்தாலும் தண்டனை.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர்கள் வருகிற சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணே, கொஞ்சம் அந்த மரத்தடியில் வந்து நில்லுங்கள். யார் சோறு போட்டது? தெரியாது. எந்த வீட்டு அடுப்பில் வெந்தது? தெரியாது. போலீஸ்காரர் வந்து கேட்டால் மரத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு தாய் விடியுமுன் எழுந்து, பொங்கி, ஆறவைத்து, இலையில் மடித்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, இருட்டோடு இருட்டாகக் கிளையில் மாட்டிவிட்டு வந்திருப்பாள். அந்தப் பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டவரும் தொண்டர். கட்டி வைத்தவளும் தொண்டர். அவளுக்கு எந்தக் கட்சியிலும் அட்டை கிடையாது, எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது. தொண்டர் கையில் பொட்டலத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அந்தச் சொல் நம் மண்ணில் எந்தப் பொட்டலத்தைத் தின்று வளர்ந்தது என்று யோசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பொட்டலம் இன்னும் முடியவில்லை, நடுவர் அவர்களே. அதற்குள் வைரப்பனைச் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம் பக்கம் போனால் இன்றைக்கும் அவர் கதையைச் சொல்வார்கள்.

வைரப்பன் சவரத் தொழிலாளி. சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று தீர்மானித்திருந்தவர். ஒருநாள் ஒருவர் சாதாரண உடையில் வந்து உட்காருகிறார். வைரப்பன் நுரை போட்டு ஒரு பக்கம் வழித்துவிட்டார். அப்போதுதான் தெரிகிறது, வந்தவர் போலீஸ்காரர். அப்படியே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "மீதியைச் செய்ய மாட்டேன்."

ஒரு பக்கம் மழமழ, மறுபக்கம் முள்ளுமுள்ளாகத் தாடி! அந்த முகத்தோடு தெருவில் நடந்து போக வேண்டுமே! கையில் தடி இருக்கிறது, பின்னால் சர்க்கார் இருக்கிறது, சூரியன் மறையாத சாம்ராஜ்யமே இருக்கிறது. அந்தச் சாம்ராஜ்யத்தால் ஒருவருடைய மறுகன்னத்தை வழித்துவிட முடியவில்லை!

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசையில் இருக்கிறவர்களும் கேளுங்கள். அவர் கையில் இருந்தது கூர்மையான கத்தி. எதிரே நீட்டிய கழுத்து. கோபம் வந்த மனிதர் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அவர் செய்தது ஒன்றே ஒன்று. கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "மீதிச் சவரத்தை முடித்துவிடு, உன்னை விட்டுவிடுகிறேன்" என்றாராம் நீதிபதி. வைரப்பன் தன் சவரப் பெட்டியைத் தூக்கி மேசை மேல் வைத்தார். "என்னால் ஆகாது. வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள்" என்றார். சிறைக்குப் போனார்.

அண்ணே, உழவாரம் தொண்டரின் கருவி என்றீர்கள். அந்தச் சவரப் பெட்டி என்ன கருவி? நீங்களே சொல்லுங்கள். கோயில் பாதையில் செதுக்கியது ஒரு தொண்டு என்றால், பாதிக் கன்னத்தில் நிறுத்தியதும் தொண்டுதான். ஓலை எழுதிக் கொடுத்து யாரும் வைரப்பனை அனுப்பவில்லை. அந்தச் சொல் அவரிடம் வந்து சேரும்போது அடிமை என்ற பொருள் உதிர்ந்துவிட்டது. எந்தச் சர்க்காருக்கும் அடிமையாக மாட்டேன் என்பதே அதன் பொருளாகிவிட்டது. இதைவிட ஒரு சொல் எப்படி உயரும்?

குமரனைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1932 ஜனவரி, திருப்பூர், கையில் கொடி, தலையில் தடியடி. 27 வயது. அவர் தலைவர் அல்லர், வரிசையில் நடந்த தொண்டர். இன்று தலைவர்கள் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள்.

இன்னொன்று. 1938-இல் அதே திருச்சியிலிருந்து இன்னொரு படை சென்னையை நோக்கி நடந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்து நடந்த படை. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் யார்? ராஜாஜி. முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் தொண்டர்களைத் திருச்சியிலிருந்து நடத்திப் போனவரின் ஆட்சியை எதிர்த்து, அதே ஊரிலிருந்து வேறு தொண்டர்கள் நடந்தார்கள். அந்தச் சொல்லைத் தலைவர்கள் யாரும் தங்கள் பையில் போட்டுக்கொள்ள முடியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எதிரணியில் பேசிய தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டார். "வெள்ளம் வந்தால் உதவிக்கு ஓடுகிறவரை இன்று ‘தன்னார்வலர்’ என்கிறோம், ‘தொண்டர்’ என்றால் கட்சிக்காரர் என்று சுருங்கிவிட்டதே" என்றார். உண்மைதான், சுருங்கியிருக்கிறது. ஆனால் சுருங்குவது வேறு, தாழ்வது வேறு. காசு வாங்கிக்கொண்டு வேனில் ஏறிக் கூட்டத்துக்கு வருகிறவர் இருக்கிறார். அவரை யாராவது தொண்டர் என்கிறோமா? "கூட்டத்துக்கு ஆள் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க" என்றுதான் சொல்கிறோம். அவர் வேறு, தொண்டர் வேறு என்று தெருவில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குத் தெரியும். அந்தப் பிரிவினை மக்கள் வாயில் இருக்கிற வரைக்கும் சொல் கெடவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். பொட்டலத்தை முடித்துவிடுகிறேன்.

என் அப்பா ஒரு கட்சித் தொண்டர். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பாதிப் பந்தல் என்னைப் பிடிக்காமல் போய்விடும். வட்டச் செயலாளர்கூடக் கிடையாது. சுவரொட்டி ஒட்டுவார். மைதாவைக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் போட்டு அவர் கிளறுகிற வாசனை எங்கள் வீட்டில் தேர்தலுக்குத் தேர்தல் வரும். விரல் இடுக்கில் காய்ந்த பசையை ராத்திரி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பார். வாக்குப்பதிவு அன்று பூத் ஏஜெண்ட். வாக்காளர் பட்டியல், அடிக்கோல், ஒரு சிவப்புப் பென்சில், மூன்றையும் முந்தின ராத்திரியே எடுத்து வைத்துவிடுவார். ஏழு தேர்தலுக்கு ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பக்கத்தில் எதிர்க்கட்சி ஏஜெண்ட், அவரும் ஏழு தேர்தலுக்கு அதே ஆள்தான்.

ஒரு தேர்தலில் அந்த எதிர்க்கட்சி மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற கட்சி வேன் வரவில்லை. மதியம் மாற்று ஆள் வந்ததும் அப்பா தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போயிருக்கிறார். எலுமிச்சைச் சாதம். நடுவில் கோடு போட்டதுபோல் பிரித்து, இலையை இரண்டாகக் கிழித்து, பாதியை அந்த மாமாவிடம் நீட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. "இன்னிக்குச் சோறு பத்தல" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சாப்பிட உட்கார்ந்தார். நடந்ததை எங்களுக்கு அந்த மாமாதான் வருடங்கள் கழித்துச் சொன்னார்.

அப்பா இறந்த அன்று அவர் மேல் கட்சிக்கொடி போர்த்தியிருந்தது. தலைவர்கள் யாரும் வரவில்லை, அதில் எங்களுக்கு வருத்தம் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாமா வந்தார். ஆயுள் முழுக்கக் கரைவேட்டி கட்டியவர், அன்றைக்குக் கரையில்லாத வெள்ளை வேட்டியில் வந்தார். காற்றுக்குக் கொடி தோள்பக்கம் நழுவியிருந்தது. எந்தக் கொடியை எதிர்த்து ஏழு தேர்தல் வேலை பார்த்தாரோ, அந்தக் கொடியை இழுத்துச் சரிசெய்து, அப்பாவின் தோளுக்கு அடியில் செருகிவிட்டார்.

அப்புறம் வெளியே போனார். இறந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு கையிலும் பை நிறையப் பொட்டலங்களோடு திரும்பி வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த என் மடியில் ஒன்றை வைத்து, "சாப்பிடும்மா, ராத்திரி வரைக்கும் நிக்கணும்" என்றார்.

எலுமிச்சைச் சாதம், அண்ணே. நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

வணக்கம்.